எங்கள் ஊர் குடிதண்ணீர் ஊரணி: மூன்று வருடம் குடித்தும் சமைத்தும் பார்த்த பிறகு

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு. ஓட்டல், லாட்ஜ், புடவைக் கடை என்று எல்லாவற்றுக்கும் மதிப்புரை எழுதுகிறார்கள், தினமும் குடிக்கிற தண்ணீருக்கு யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் எங்கள் ஊருக்கு. செட்டிநாட்டு ஊர்களில் இருப்பதுபோல இங்கேயும் பெரிய பெரிய வீடுகள், பாதி பூட்டிக் கிடக்கின்றன, நடுவில் கோயில், கோயிலுக்குக் கிழக்கே குளிக்கிற ஊரணி, ஊருக்கு மேற்கே வீடுகள் முடிகிற இடத்தில் குடிதண்ணீர் ஊரணி. அந்த இரண்டாவதைப் பற்றித்தான் இது.

எங்கள் வீட்டில் சமையல் தொழில். கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா என்று இருநூறு பேர் வரைக்கும் செய்து கொடுப்போம், விசேஷம் இல்லாத மாதங்களில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறோம். தண்ணீரை நான் நாக்கால் மட்டும் பார்ப்பதில்லை, பருப்பை வைத்துப் பார்க்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டினோம். ஆறு மணி ஆகியும் துவரம்பருப்பு கடைய வரவில்லை, விரலில் வைத்து நசுக்கினால் உள்ளே வெள்ளையாக ஒரு பொட்டு நிற்கிறது. சோடா உப்பைப் போட்டு ஒருவழியாக ஒப்பேற்றினோம், ஆனால் சாம்பாரில் அந்தச் சோடா வாடை வந்துவிட்டது, பந்தியில் ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சாம்பாரை ஒதுக்கி வைத்துவிட்டு மோருக்குப் போனார். இன்றைக்கும் அது எனக்கு மறக்கவில்லை. பருப்பு பழசா, விறகு ஈரமா என்று எங்களுக்குள் சண்டை போட்டோம், காரணம் இரண்டும் இல்லை, தண்ணீர்தான். அந்த மண்டபத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர், கடுமையான கடின நீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பில் உள்ள பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன, பிறகு எவ்வளவு கொதித்தாலும் அது இளகுவதில்லை. தண்ணீரை மாற்றாமல் விறகை மாற்றி என்ன செய்வது?

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன், விலை ஒன்றும் பெரிசில்லை. எங்கள் வீட்டு போர்த் தண்ணீரில் வைத்தால் ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோலான ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஊரணித் தண்ணீரில் வைத்தேன், நூற்றைம்பதைத் தொடவில்லை. மழைத் தண்ணீர்தானே, தரையில் கொஞ்ச தூரம் ஓடி வந்து நிற்கிறது, பூமிக்குள் போய் உப்பைக் கரைத்துக்கொண்டு வரவில்லை. அதே துவரம்பருப்பு, அதே பாத்திரம், ஊரணித் தண்ணீரில் முக்கால் மணி நேரத்தில் மலர்ந்துவிட்டது. கவுனி அரிசி ஊறுகிற விதமே வேறு. வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறவைக்கும் அரிசியும் உளுந்தும் இந்தத் தண்ணீரில் ஊறினால் மாவு பொங்கி வருகிறது, போர்த் தண்ணீரில் ஊறினால் பணியாரம் ஓரம் தடித்து நிற்கும். காபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டிக்காஷன் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, இடத்தைப் பற்றி. ஊரணி சதுரம், ஒரு பக்கம் சுமார் இருநூறு அடி, நிறைந்து நிற்கும்போது ஆழம் பன்னிரண்டு அடி இருக்கும். நாலு பக்கமும் செம்புராங்கல் படிக்கட்டு. எங்கள் பக்கத்து மண்ணே செம்புராங்கல் மண்தான், வெட்டி எடுக்கும்போது இளகி இருந்து காற்றுப் பட்டதும் இறுகிப்போகிற கல், அதனால் ஊரணியைத் தோண்டும்போது எடுத்த கல்லையே கட்டுவதற்கும் வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுற்றிலும் இடுப்பு உயரச் சுவர், கிழக்கேயும் தெற்கேயும் வாசல். படியில் இறங்கித் தண்ணீர் மொள்வது இப்போது கிடையாது, தென்கிழக்கு மூலையில் ஒரு உறைகிணறு இருக்கிறது, ஊரணித் தண்ணீர் கூழாங்கல், சரளை, மணல் என்று மூன்று அடுக்கு போட்ட தொட்டி வழியாக வடிந்து அந்தக் கிணற்றுக்கு வருகிறது, அதிலிருந்து அடிபம்பு. காலை ஐந்து மணியிலிருந்து எட்டு வரைக்கும், சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைக்கும் திறந்திருக்கும். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம். மாதம் ஐம்பது ரூபாய் காவலுக்குக் கொடுக்கிறோம், ஒரு கேன் தண்ணீரின் விலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அந்த ஒரு கேன் விலையில் மாதம் முழுக்க அறுபது குடம் தண்ணீர்.

காவல்காரர் ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளியே "செருப்ப அங்கிட்டுப் போட்டுட்டு வா ஆத்தா" என்று குரல் வந்துவிடும், கலெக்டர் வந்தாலும் அதே குரல்தான். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, கை கால் கழுவக் கூடாது, ஆடு மாடு உள்ளே வரக் கூடாது, எச்சில் துப்பினால் அபராதம். என் மாமியார் சின்ன வயதில் இங்கே படியில் இறங்கித் தண்ணீர் எடுத்தவர், அப்போது குடத்தை வெளியே வைத்து விளக்கிவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும் என்பதும் ஒரு சட்டமாம். சுத்தமான குடம் என்றால் விளிம்பில் முகம் தெரிய வேண்டும் என்பார். இந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, முழு மதிப்பெண் கொடுப்பதாக இருந்தால் இதற்குத்தான் கொடுப்பேன்.

ருசி மாதத்துக்கு மாதம் மாறும், இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி கார்த்திகை மழைதான், வடகிழக்குப் பருவமழை. புதுத் தண்ணீர் வந்து சேரும்போது செந்நிறமாகக் கலங்கி இருக்கும், மணல் தொட்டி எவ்வளவு வடிகட்டினாலும் ஒரு மங்கல் தங்கிவிடும், முதல் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான். அந்த வாரங்களில் என் மாமியார் தேத்தாங்கொட்டையைத்தான் நம்புவார். மண்பானையின் உட்புறச் சொரசொரப்பில் கொட்டையை நாலைந்து சுற்றுத் தேய்த்துவிட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, வெள்ளை வேட்டித் துணியால் வாயைக் கட்டி இரவு வைத்துவிட்டால் காலையில் மண்ணெல்லாம் அடியில் ஒட்டிக் கிடக்கும், மேலே இருப்பது கண்ணாடி. இதில் மாயம் ஒன்றும் இல்லை, கொட்டையிலிருந்து கரைந்து வரும் பசை போன்ற பொருள், மிதக்கிற நுண்மண்ணை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடியில் உட்காரவைக்கிறது. ஆனால் தேத்தாங்கொட்டை தெளிய வைக்கும், கிருமியை முழுக்கக் கொல்லாது. தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் அதற்குப் பிறகும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அரை மணி நேரம் கொதிக்கவைத்து எரிவாயுவை வீணாக்க வேண்டியதில்லை.

தை, மாசி, பங்குனி மூன்றும்தான் உச்சம். அந்த மாதங்களில் செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சித்திரை பிறந்தால் வெயில் ஏற ஏறத் தண்ணீர் லேசாகப் பச்சை தட்டும், ஒரு பாசி வாடை வரும், சமையலுக்குத் தெரியாது, வெறும் வாயில் குடித்தால் தெரியும், மண்பானையில் ஊற்றி வைத்தால் குறையும். ஆடி ஆவணியில் படிகள் எல்லாம் வெளியே தெரியும். அப்போது நாங்கள் விசேஷ வேலைக்கு ஊரணித் தண்ணீர் எடுக்க மாட்டோம், ஊருக்குக் குடிக்க வேண்டும்.

இந்த ஊரணியில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஊரணி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் படிக்கட்டைப் பார்க்கிறார்கள், தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது வரத்துக்காலை, அதாவது மழைத் தண்ணீரை ஊரணிக்குக் கொண்டுவரும் வாய்க்காலை. தண்ணீர் எங்கே விழுந்து, எதன்மேல் ஓடி, எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன், என் மகன் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தது. இந்த ஊரணி நிறைந்தால் ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், எங்கள் பகுதியில் வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. பெய்வதெல்லாம் ஓடி வராது, மண் குடிப்பது போக ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு கோடி லிட்டர் சேருவதற்குப் பதினாலு ஏக்கர் நிலத்துத் தண்ணீர் வேண்டும். அந்தப் பதினாலு பதினைந்து ஏக்கர் ஊருக்கு மேற்கே இருக்கிற செம்மண் பொட்டல். யாரும் விதைப்பதில்லை, யாரும் வீடு கட்டுவதில்லை, பார்ப்பவர்களுக்குச் சும்மா கிடக்கிற நிலம் மாதிரித் தெரியும். அது சும்மா கிடக்கவில்லை, அதுதான் எங்கள் ஊரின் தண்ணீர்த் தொட்டிக்குக் கூரை.

நிறைந்த பிறகு செலவு எப்படி? அறுநூறு வீடு, வீட்டுக்கு இரண்டு குடம், குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் லிட்டர். மார்கழி முடிந்து அடுத்த மழை வரைக்கும் ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் போட்டால் நாற்பத்தெட்டு லட்சம் லிட்டர். வெயிலும் சும்மா இருக்காது, நம் ஊர் வெயிலுக்குத் திறந்த நீர்நிலையில் வருடத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் ஆவியாகப் போய்விடும், அந்த ஒன்பது மாதத்துக்கு மட்டும் பார்த்தாலே கிட்டத்தட்ட நாம் குடிப்பதற்குச் சமம். பாதி நாம் குடிக்கிறோம், பாதி வெயில் குடிக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் ஊரணியை அகலமாக வெட்டாமல் ஆழமாக வெட்டியதன் அருமை இந்தக் கணக்கைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கண்மாய் பரந்து கிடக்கும், ஏனென்றால் அது வயலுக்கு, அறுவடை முடிந்தால் வற்றிப்போனாலும் பாதகமில்லை. ஊரணி அடுத்த மழை வரைக்கும் தாங்க வேண்டும்.

முன்னெல்லாம் பொட்டல் தண்ணீரோடு ஊர்த் தண்ணீரும் இதற்கு வந்திருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக் கூரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட்டுக் கூரை உள்முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும், முற்றத்து மூலைகளில் தகரக் குழாயும் செம்புத் தூம்பும் வைத்து, அதன் கீழே கிடாரம், அண்டா எல்லாம் வரிசையாக வைத்துவிடுவார்கள். பெரிய வீடு ஒன்றின் கூரை ஐந்நூறு சதுர மீட்டர் என்றால், ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்த ஒரே ராத்திரியில் இருபத்தையாயிரம் லிட்டர். பாத்திரத்தில் பிடித்தது போக மிச்சம் வீட்டுக் கிணற்றுக்கு, அதுவும் போக மிச்சம் தெருவோரக் கல்வாய்க்கால் வழியாக ஊரணிக்கு. தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் சட்டம் வந்தபோது என் மாமனார் முற்றத்துத் தூம்பைக் காட்டி "இதத்தான் சொல்றாக" என்று சொன்னாராம். இப்போது தெருவாய்க்காலில் குளியலறைத் தண்ணீரும் கலந்துவிட்டது, அதனால் அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சரியான முடிவு. வருத்தமான முடிவும்கூட, ஊரணிக்கு வரவேண்டிய நல்ல கூரைத் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து எங்கேயோ போகிறது.

இப்போது குறைத்த அந்த ஒரு மதிப்பெண்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் இந்தத் தண்ணீருக்கு மாறிய சமயத்தில்தான் ஊரணியை ஆழப்படுத்தினார்கள். வேலை எடுத்தவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஊரே சேர்ந்து சந்தோஷப்பட்டோம், இயந்திரம் இறங்கியதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லாம் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வண்டலை மட்டும் எடுத்திருந்தால் சரி. வண்டலுக்குக் கீழே பல தலைமுறையாகப் படிந்து இறுகிய களிமண் படுகை ஒன்று இருக்கிறது, அதுதான் தண்ணீர் கீழே இறங்காமல் தாங்குகிறது. ஆழம் கூடட்டும் என்று அதையும் கிழித்து எடுத்துவிட்டார்கள், கீழே சரளை தெரிந்தது. காவல்காரர் ஐயா அன்றைக்கே கத்தினார், யாரும் காது கொடுக்கவில்லை, நானும்தான். அந்த வருடம் கார்த்திகையில் ஊரணி நிறைந்தது, பொங்கலுக்குள் பாதிக்குக் கீழே போய்விட்டது, பங்குனியில் நடுவில் ஒரு குட்டை மட்டும் நின்றது. வைகாசியில் அறுநூறு வீடும் கேன் வாங்கியது. என் மாமியார் அந்தக் கோடை முழுக்கக் கேன் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் "தண்ணிக்குக் காசா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு பெரியவர்கள் சொன்னபடி செய்தோம். காய்ந்து கிடந்த கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து, ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஆட்டுக்கிடையை நாலு நாள் உள்ளே விட்டு மிதிக்கவைத்தார்கள். ஆட்டின் குளம்பு சின்னது, கூர்மையானது, மண்ணைக் கிட்டித்துக் கெட்டிப்படுத்த அதைப்போல் ஒன்று கிடையாது. மிதித்து முடிந்ததும் புழுக்கையைச் சுத்தமாகக் கூட்டி எடுத்து, மேலே இன்னொரு வரிசை களிமண் போட்டு ஆட்களே மிதித்தோம், நானும் ஒரு நாள் இறங்கி மிதித்தேன். இரண்டு வருடமாக ஓரளவுக்குத் தேறி வருகிறது, முன்பு இருந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. எந்த ஊரிலாவது ஊரணி தூர்வாரப் போகிறார்கள் என்றால், இயந்திரம் இறங்கும் முன்னால் நாலு இடத்தில் கையால் குழி தோண்டி, வண்டல் எவ்வளவு, களி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். அதற்குக் கீழே ஒரு கூடை மண்கூட எடுக்க விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது போன வருடம். பழைய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றிய ஓரிடத்தில், கழிவுத் தண்ணீர்க் குழாயைப் பின்பக்கமாக வரத்துக்காலில் திருப்பி விட்டிருந்தார்கள். வேண்டுமென்று செய்தார்களா, கொத்தனார் தெரியாமல் செய்தாரா, அது எனக்குத் தெரியாது. கண்டுபிடித்தது ஒரு சின்ன பாட்டிலால். ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டில் என்று சொல்வார்கள், தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்று இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே வைத்தால் போதும், மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். எங்கள் பாட்டில் ஒரே ராத்திரியில் கறுத்தது. பார்த்தபோது கை நடுங்கிவிட்டது, அந்தத் தண்ணீரில்தானே முந்தின நாள் முறுக்கு மாவு பிசைந்தேன். முறுக்கு எண்ணெயில் வெந்து எழுந்தது, அதனால் பயமில்லை, ஆனாலும் அன்று போட்டதை விற்கவில்லை. ஐந்தாறு பேர் டார்ச் லைட் எடுத்துக்கொண்டு வரத்துக்கால் ஓரமாகவே நடந்து போய்க் குழாயைக் கண்டுபிடித்தோம். விடுதிக்காரர் மறுநாளே மாற்றிவிட்டார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். உறைகிணற்றுக்குக் குளோரின் போட்டு, ஒரு வாரம் யாரும் எடுக்கக் கூடாது என்று பூட்டி வைத்து, மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் திறந்தோம். இப்போது மாதம் ஒரு பாட்டில், வருடம் ஒரு முறை குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில். நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை என்கிற மலக்கழிவுக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதுதான் விதி, இதில் கொஞ்சம் பரவாயில்லை என்கிற பேச்சே கிடையாது.

மணல் தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த இளைஞர்கள் ஆர்வத்தில் மணலை வாரம் வாரம் அலசிக் கழுவ ஆரம்பித்தார்கள். வேண்டாம். மணலின் மேற்பரப்பில் வழவழவென்று ஒரு படலம் படியும், பார்க்க அழுக்கு மாதிரி இருக்கும், கிருமிகளைப் பிடித்துத் தின்பதே அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான். தண்ணீர் வடிவது ரொம்பக் குறைந்தால் மட்டும் மேலாக ஒரு விரல் அளவு மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி படலம் கட்டும் வரைக்கும் பொறுக்க வேண்டும்.

மற்ற தண்ணீரோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: காரைக்குடிக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் சம்பை ஊற்று என்பார்கள், அவர்கள் பெருமைப்படுவதில் தப்பே இல்லை, அந்த ஊற்றுப் பகுதியின் நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்த ஊர் அது, நான் குடித்த வரையில் ருசியில் எங்கள் தை மாத ஊரணிக்கு ஈடாக அதைத்தான் சொல்வேன். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர், பருப்பு வேகிறது, வரும் நாள் தெரிந்தால் போதும், அந்தக் கோடையில் கேனோடு சேர்ந்து எங்களைக் காப்பாற்றியதும் அதுதான், நூறு மைல் தாண்டாவிட்டாலும் வேறு மாவட்டத்திலிருந்து நமக்காக ஓடி வருகிற தண்ணீரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எங்கேயோ ஒரு குழாய் உடைந்தால் இங்கே குடம் காய்கிறது, அதனால்தான் ஊரணியையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். கேன் தண்ணீர் வெறும் தண்ணீர், உப்பில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் கொடுக்கிறார்கள், பருப்பு வேகும், காபியும் பரவாயில்லை, தாகம் தணிந்த நிறைவு எனக்கு அதில் வருவதில்லை. வெளியூர் வேலைக்குப் போகும்போது வேறு வழியில்லாமல் வாங்குகிறேன்.

ஊர் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், படிக்கட்டு அழகு, சாயங்கால வெயிலில் செம்புராங்கல் சிவந்து தண்ணீரில் தெரியும்போது எனக்கே நின்று பார்க்கத் தோன்றும். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், தண்ணீரில் காலை நனைக்காதீர்கள், பிஸ்கட் கவரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், மீனுக்குப் பொரி போடாதீர்கள், மிஞ்சின பொரி அழுகிப் பாசி பிடிக்கும். குடிக்க வேண்டும் என்றால் காவல்காரர் ஐயாவிடம் கேளுங்கள், கொதிக்கவைத்து ஆறவைத்த பானை ஒன்று அவர் கொட்டகையில் எப்போதும் இருக்கும், செம்பில் மொண்டு கொடுப்பார், அண்ணாந்து குடிக்க வேண்டும். அவர் மற்ற விஷயத்தில் ரொம்பச் சாது.

இதை எழுதுகிற இன்றைக்குப் புரட்டாசி இரண்டாவது வாரம், தண்ணீர் மேலிருந்து பதினோராவது படியில் நிற்கிறது. போன வருடம் இதே நாளில் பதிமூன்றாவது படி, ஆக இரண்டு படி மிச்சம், களிமண் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொட்டலில் சீமைக் கருவேலம் மறுபடி தலைதூக்கியிருக்கிறது, வரத்துக்காலில் இரண்டு இடத்தில் மண் மேடு தட்டிவிட்டது. முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் கண்மாய்க்குத் திருப்பிவிடும் மதகுப் பலகையும் உளுத்துப்போய்விட்டது, ஆசாரியிடம் புதிதாகச் சொல்லியிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊரணி கிழக்கு வாசலில் கூடுகிறோம். ஊரில் இருப்பவர்கள், பக்கத்து ஊரில் இருப்பவர்கள், பூட்டின வீட்டைப் பார்த்துப்போக வந்தவர்கள், யாராக இருந்தாலும் மண்வெட்டியோ அரிவாளோ கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள். எட்டரைக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் எங்கள் வீட்டிலிருந்து வந்துவிடும், ஊரணித் தண்ணீரில் ஊறவைத்த மாவுதான்.